பூனைக்கு இருட்டில் கண் தெரியும்

பூனையைப் பற்றிப் பேசுவதென்றால் பூனை இல்லாத இடமாகப் பார்த்துப் பேசுவது நல்லது. யானையைப் பற்றிப் பேசப் போகிறவர்கள் யானையைக் கூடவே ஓட்டிக்கொண்டா போகிறார்கள்? இந்த எளிய அறிவு ஆறு வருடங்களுக்கு முன்பு எனக்கு இல்லை.

அப்போது நான் ஒரு நாளிதழின் கோத்தகிரி செய்தியாளர். (இப்போதும் அதுதான். பதவி உயர்வு மலை ஏறி வருவதற்குள் களைத்துவிடுகிறது.) மண்சரிவு, காட்டெருமை, பசுந்தேயிலை விலை இவற்றைச் சுற்றிச் சுற்றி எழுதுவேன். அது போக, ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் பிராணிகளைப் பற்றி ஒரு பத்தி. எதை எழுதினாலும் இரண்டு பேரிடமாவது விசாரித்து உறுதி செய்யாமல் அனுப்ப மாட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் பிறகு என்ன ஆனது என்று தெரிய வேண்டும் அல்லவா, அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் வர்க்கி. ஒரு மழை நாளில் பேக்கரி வாசலில் குட்டியாகக் கிடைத்தது. அடுப்பிலிருந்து சற்றுத் தாமதமாக எடுத்த வர்க்கி ரொட்டியின் நிறம் அதற்கு. கண்டெடுத்தவள் என் மகள் யாழினி, அப்போது நான்காம் வகுப்பு. பால் வைப்பது, மண் தட்டு மாற்றுவது, காதில் உண்ணி பார்ப்பது எல்லாம் அவள். ஆகவே பூனை முழுக்க முழுக்க அவளுடையது. நானும், பஜாரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் என் கணவர் செல்வமும் அந்த வீட்டில் உடன் வசிப்பவர்கள், அவ்வளவுதான்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளியில் மும்தாஜ் டீச்சர் வேலை பார்த்தார். என் பத்தியைத் தவறாமல் படிப்பவர். ஒரு நாள் போனில் அழைத்தார்.

"ஏனுங்க, எங்க பசங்க பூனையக் கண்டாலே கல்லெடுக்கறாங்க. குறுக்க வந்தா ஆகாதாம். ஊட்டுல சொல்றத அப்படியே புடிச்சுக்கறாங்க. நான் சொன்னா பாடம்னு நெனச்சுக் கொட்டாவி விடறாங்க. நீங்க பேப்பர்க்காரங்க. பூனைக்கு என்னென்ன தெறமை இருக்குதுன்னு வந்து பேசுனீங்கன்னா கேப்பாங்க."

"பேச்சு மட்டும் எதுக்குங்க டீச்சர்? பூனையவே கொண்டு வந்து காட்டிடறேன்," என்றேன்.

அவர் அதைக் கேட்கவே இல்லை என்பதைக் கவனிக்கவும்.

யாழினியிடம் அனுமதி வாங்குவது கலெக்டரிடம் பேட்டி வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

"நானும் வருவேன்."

"வா."

"மேல இருந்து கீழ போட்டுக் காட்டக் கூடாது."

"சீ, போட மாட்டேன்."

"திரும்பக் கூட்டிட்டு வரணும்."

"அதெப்படிடி கூட்டிட்டு வராம வருவேன்?"

"சத்தியம் பண்ணும்மா."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். (அவள் தலையில் இல்லை, என் தலையில். அந்தச் சமயத்தில் அதுதான் மலிவாகத் தோன்றியது.)

மழை விடுமுறைக்கு ஈடாக அந்தப் பள்ளியில் ஒரு சனிக்கிழமை வகுப்பு வைத்திருந்தார்கள். யாழினிக்கு அன்று லீவு. மூடி போட்ட கூடையில் வர்க்கியை வைத்து, மேலே ஒரு சால்வையைப் போர்த்தி பஸ் ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கூடை ஒரு கருத்துச் சொல்லிக்கொண்டே வந்தது.

மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் ஸ்வெட்டர், பாதிப் பேர் குரங்குக் குல்லா. கூடையின் மூடியைத் திறந்ததும் வர்க்கி மேசைமேல் ஏறி, சபையை ஒரு முறை பார்த்துவிட்டு, பின்னங்காலைத் தூக்கி நக்க ஆரம்பித்தது.

"டீச்சர், இது கடிக்குங்களா?"

"கடிக்காது," என்றேன். (பேச வருகிறவர்கள் எல்லோருமே அவர்களுக்கு டீச்சர்தான்.)

"எங்கூட்டுப் பூனை கடிக்கும்."

"எங்கூட்டுது பாம்பையே கடிக்கும்."

"பொய்ங்க டீச்சர். இவன் ஊட்டுல பூனையே இல்லைங்க."

இந்தக் கடைசிக் குரல் முன்வரிசையில் இருந்த தினேஷுடையது. செய்தியாளனாக வர வேண்டியவன். அன்று முழுவதும் எனக்கு எதிராக வேலை செய்தான்.

முதலில் மீசை. பூனையின் மீசை ஓர் அளவுகோல், ஓர் இடுக்கில் உடம்பு நுழையுமா என்று தலையை நீட்டிய உடனே அதற்குத் தெரிந்துவிடும் என்று விளக்கினேன். அட்டைப்பெட்டி ஒன்றில் பெரிதும் சிறிதுமாக இரண்டு ஓட்டைகள் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். பெட்டியை வர்க்கியின் முன் வைத்தேன். வர்க்கி ஓட்டைகளை முகர்ந்தது. பிறகு பெட்டியின் மேல் ஏறிப் படுத்தது. பெட்டி மெதுவாக, மரியாதையோடு, தட்டையானது.

"டீச்சர், ஓட்டையக் காணோம்," என்றான் தினேஷ்.

அடுத்தது காது. பூனை காதை மட்டும் தனியாகத் திருப்பும், எலி எழுப்பும் மெல்லிய கீச்சொலி நமக்குக் கேட்காவிட்டாலும் அதற்குக் கேட்கும், தூங்கும்போதுகூட அதன் காது விழித்திருக்கும் என்றேன். பின்னால் போய் நின்று ஒரு பேப்பரைக் கசக்கினேன். வர்க்கி கண்ணை மூடிக்கொண்டது. இன்னும் பலமாகக் கசக்கினேன். பிள்ளைகள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பூனை பார்க்கவில்லை.

"இது செவிடுங்களா டீச்சர்?"

அதுவரை பேசாமல் இருந்த யாழினிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணும் செவிடு இல்ல. அவளுக்குக் கேக்குது. கேட்டுட்டுத்தான் சும்மா இருக்கா."

அன்றைய கூட்டத்தில் பேசப்பட்ட அறிவியல் உண்மைகளில் மிகச் சரியானது அதுதான். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு கோரிக்கை எழுந்தது. "பூனைய மேல இருந்து போட்டா நாலு கால்ல நிக்குமாமுங்க? போட்டுக் காட்டுங்க டீச்சர்!" உடனே அறை முழுவதும், "போடுங்க! போடுங்க!"

யாழினி பூனையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "உன்னப் போட்டா எப்படி நிப்பேன்னு முதல்ல பாக்கலாமா?"

மும்தாஜ் டீச்சர் மேசையைத் தட்டி அமைதிப்படுத்தினார். நான் குளிரைப் பற்றிச் சொல்லிச் சமாளித்தேன். பூனைக்குக் குளிர் ஆகாது, எந்த இடத்தில் சூடு அதிகமோ அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் போய்ப் படுத்துக்கொள்ளும், எங்கள் வீட்டில் அது ஃப்ரிட்ஜின் தலைமேல் தூங்கும் என்றேன். இதற்கு மட்டும் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. ஒரு சிறுமி தலையாட்டிக்கூட வைத்தாள். அவள் பெயர் சரண்யா என்பது பிறகுதான் தெரிந்தது.

இத்துடன் நன்றி கூறி முடித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. கடைசியாக ஒரு பெரிய வித்தை காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது.

"பூனைக்கு முழு இருட்டில் கண் தெரியாது," என்று துல்லியமாக ஆரம்பித்தேன். "ஆனால் நமக்கு ஒன்றுமே தெரியாத மங்கல் வெளிச்சம் அதற்குப் போதும். கண்ணின் கருமணி அகலமாக விரிந்து, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும். இப்போது பார்க்கப் போகிறோம்."

ஜன்னல்களைச் சார்ட் தாள்களால் மறைத்தோம். கதவைச் சாத்தினோம். வெளியே மேகம் வேறு இறங்கியிருந்தது. யாழினியிடம், "வர்க்கிய மேசைல விடு. இருட்டுல அது எப்படி நடக்குதுன்னு பசங்க பாக்கட்டும்," என்றேன்.

தினேஷ் கையைத் தூக்கினான். "டீச்சர், இருட்டுல அது நடக்கறது நமக்கு எப்படிங்க தெரியும்?"

"நல்ல கேள்வி," என்று பாராட்டிவிட்டு விளக்கை அணைத்தேன்.

குழந்தைகள் 'ஓ' என்று கத்தினார்கள். யாரோ பேய் மாதிரிச் சிரித்தார்கள். யாரோ யாரையோ கிள்ளினார்கள். நான் குரலை உயர்த்தி, "இந்த நிமிடம் வர்க்கி நம் எல்லோரையும் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நமக்குத்தான் அது தெரியவில்லை!" என்றேன். அந்த இரண்டு வாக்கியங்களில் முதலாவது அப்போதே பழைய செய்தியாகியிருந்தது.

விளக்கைப் போட்டேன். மேசை இருந்தது. தட்டையான பெட்டி இருந்தது. பூனை இல்லை.

ஜன்னலின் ஒரு மூலையில் கண்ணாடி உடைந்து, அங்கே அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். சார்ட் தாள் ஓரமாக ஒதுங்கி, அட்டையின் ஒரு முனை வெளிப்பக்கம் மடங்கியிருந்தது. அதன் விளிம்பில் பழுப்பு ரோமம் இரண்டு மூன்று. நடந்ததை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கத்திக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளுக்கு நடுவே, ஒருவர் மேலும் படாமல், பெஞ்ச் பெஞ்சாகத் தாண்டி, சத்தமில்லாமல் ஜன்னல் திண்டில் ஏறி, மீசையால் இடுக்கை அளந்து, சரி என்று முடிவு செய்து வெளியேறியிருக்கிறது. நான் கெஞ்சிக் கேட்டபோது காட்டாததை எல்லாம் நான் பார்க்க முடியாத நேரமாகப் பார்த்துக் காட்டிவிட்டது. ஒரு திருடன் இதைச் செய்திருந்தால் முதல் பக்கத்தில் போட்டிருப்போம்.

யாழினி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, நீ சத்தியம் பண்ணுன," என்றாள்.

வெளியே இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடி தெரியவில்லை. முந்தின வாரம்தான் அந்த எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் இருந்து ஒரு நாயைச் சிறுத்தை தூக்கியிருந்தது. 'மாலையில் பொதுமக்கள் தனியே நடமாட வேண்டாம்' என்று அந்தச் செய்தியை எழுதியதும் நான்தான். யாழினி அதைப் படித்திருந்தாள். இருட்டுவதற்குள் வர்க்கி கிடைத்தாக வேண்டும்.

எங்கே தேடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. "பூனை எங்கே விட்டாலும் சொந்த வீட்டைத் தேடித்தான் போகும். கோத்தகிரி ரோட்டில் ஏறியிருக்கும்," என்றேன். அதைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருந்தேன். எழுதியது நான் என்பதால் அதை மிகவும் நம்பினேன்.

மும்தாஜ் டீச்சர் பிள்ளைகளை வரிசையாக விட்டார். "வர்க்கீ! வர்க்கீ!" என்று கூவிக்கொண்டே எஸ்டேட் ரோட்டில் மேலே ஏறினோம். எதிரே வந்த ஒருவர் பயந்துபோய், "ஏனுங்க, வர்க்கி வியாபாரமா? இத்தன பேரா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கினார்.

அப்புறம் நான் விசாரணையில் இறங்கினேன். டீக்கடையில் ஒருவர், கோயில் பின்னால் ஒரு பூனை போனதைப் பார்த்ததாகச் சொன்னார். விறகு சுமந்து வந்த ஓர் அம்மாவிடமும் கேட்டேன்.

"பூனைங்களா? கோயிலாண்ட ஒண்ணு போச்சுங்க."

இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லியாகிவிட்டது. செய்தி உறுதி. படையைக் கோயிலுக்குத் திருப்பினேன். கோயிலின் பின்சுவர்மேல் கன்னங்கரேல் என்று ஒரு கடுவன் பூனை உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்ன நிறம்னு கேட்டியாம்மா?" என்றாள் யாழினி.

கேட்கவில்லை. இத்தனை வருட அனுபவத்தில் நிறத்தைக் கேட்க மறந்துவிட்டேன்.

அவள் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் எந்த நிமிடமும் அழுகை வரலாம் என்ற நிலை. அப்போதுதான் சரண்யா முன்னே வந்தாள். என்னிடம் இல்லை, யாழினியிடம் போய்ப் பேசினாள்.

"உங்கம்மா சொன்னாங்கல்ல, பூனை சூடா இருக்கற எடமா பாத்துப் போயிரும்னு? இங்க சூடான எடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது."

"எங்க?"

"ஃபேக்டரி. மழை வந்தா எங்கப்பாவே கோட்டு காய வெக்க அங்கதான் போகும்."

யாழினி எழுந்து ஓடினாள். பின்னாலேயே எல்லோரும். பேச்சாளர் கடைசியில்.

பள்ளிக்கு நேர் கீழே தேயிலை ஃபேக்டரி. நாங்கள் அதற்கு எதிர்த்திசையில் அரை மலை ஏறியிருந்தோம். மலைச்சரிவில் கட்டியதால் அதன் மாடி, பின்பக்கத்துப் பாதையின் மட்டத்திலேயே வரும். பறித்த இலையை வாட்டும் இடம் அந்த மாடிதான். நீள நீளமான தொட்டிகள், அடியில் கம்பி வலை, அதன்மேல் பச்சை இலை, கீழிருந்து மின்விசிறி வெதுவெதுப்பான காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். குளிரில் நடுங்கும் ஒரு பூனையிடம் சொர்க்கத்துக்கு வரைபடம் கேட்டால் இதைத்தான் வரையும்.

பிள்ளைகளை மும்தாஜ் டீச்சர் பின்பாதையில் நிறுத்திக்கொண்டார். நானும் யாழினியும் முன்வாசலுக்குப் போனோம். டீமேக்கர் வந்தார். இலை உள்ளே வருவதிலிருந்து தூளாகி வெளியே போவது வரை அந்த ஃபேக்டரிக்கு அவர்தான் பொறுப்பு. 'செருப்புடன் உள்ளே வரக் கூடாது. தலைக்கு உறை அணியவும். பிராணிகளுக்கு அனுமதி இல்லை' என்ற பலகைக்குக் கீழேயே நின்றார்.

"பூனையா? வாய்ப்பே இல்லைங்க. ரெண்டு கதவு போட்டிருக்கறோம். ஈகூட உள்ள வராது."

"ஒரு தடவை பாத்துக்கறமுங்க."

மனிதர் பெருந்தன்மையானவர். தலைக்கு உறை கொடுத்து மாடிக்குக் கூட்டிப்போனார். படியேறி உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரின் ஜன்னல்களைப் பார்த்தோம். கண்ணாடி முழுக்கச் சப்பையான மூக்குகள். அத்தனை விரல்களும் ஒரே தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தன.

அங்கே, வாடிக்கொண்டிருந்த இலைமேல், வயிற்றை மேலே காட்டி, நான்கு கால்களையும் விரித்து, வர்க்கி தூங்கிக்கொண்டிருந்தது. வால் மட்டும் சற்றே வளைந்திருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு இவ்வளவு நல்ல தூக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

டீமேக்கர் பூனையைப் பார்த்தார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "உங்கள எங்கயோ... போன மாசம் பேப்பர்ல, 'தேயிலை ஆலைகளில் சுகாதாரம்: எழுகிறது கேள்விக்குறி'ன்னு எழுதுனது நீங்கதானுங்களே? கீழ உங்க போட்டோகூட இருந்துது."

"ஆமாங்க."

"எங்க ஃபேக்டரில கேள்விக்குறியே இல்லைங்க," என்றார் அமைதியாக, வர்க்கியின் வாலைப் பார்த்துக்கொண்டே. "இன்னிக்கு நீங்களே கொண்டு வந்து விட்டுட்டீங்க."

கொங்கு நாட்டு மரியாதை எவ்வளவு கூர்மையானது என்பதை அதில் வெட்டுப்பட்டவர்களே அறிவார்கள்.

நான் தொட்டிப் பக்கம் போய், "வர்க்கி, வாடா கண்ணு," என்று கூப்பிட்டேன். மின்விசிறிகளின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. டீமேக்கர், "ஃபேன நிறுத்தச் சொல்லட்டுங்களா?" என்றார்.

"வேண்டாம் அங்கிள்," என்றாள் யாழினி. "ஓடட்டும். அவளுக்குக் கேக்கும்."

ஸ்வெட்டர் பையிலிருந்து ஒரு வர்க்கிப் பொட்டலத்தின் காகிதத்தை எடுத்தாள். இரண்டு விரலால், மெதுவாக, ஒரே ஒரு முறை கசக்கினாள். பக்கத்தில் நின்ற எனக்கு அது கேட்கவே இல்லை.

வர்க்கி கண்ணைத் திறக்கவில்லை. தலையைத் தூக்கவில்லை. இடது காது மட்டும் தனியாக, நிதானமாக, அவள் பக்கம் திரும்பியது.

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் குதித்தார்கள். கண்ணாடியைத் தாண்டி, விசிறியையும் தாண்டி, அந்தக் கூச்சல் எங்களுக்கு வந்து சேர்ந்தது. "காது! காது!"

வர்க்கி எழுந்தது. முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்தது. தொட்டியின் விளிம்பில் ஏறி, இரண்டு விரற்கடை அகலமே இருந்த அந்தக் கட்டைமேல், வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சமன் செய்துகொண்டே, கோயில் வீதியில் நடப்பது போல் நடந்து வந்தது. "வாலு! வாலு!" யாழினிக்கு நேராக வந்ததும் நின்று, தரையைப் பார்த்து, உயரத்தைக் கணக்குப் போட்டுக் குதித்தது. சத்தமே இல்லை. "நாலு காலு!" என்று மலையே அதிர்ந்தது. யாரும் அதை மேலே இருந்து போடவில்லை.

யாழினி அதை வாரி எடுத்து, அதன் ரோமத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இப்போது அழுதாள். அதுவரை சேர்த்து வைத்திருந்ததையும் சேர்த்து அழுதாள். நானும் தலை உறையைச் சரிசெய்வது போல் திரும்பிக்கொண்டேன்.

அந்தத் தொட்டி இலை முழுவதும் எருக்குழிக்குப் போனது. டீமேக்கர் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்காததற்காக அவரை மதிக்கிறேன். அள்ளிப் போட நானும் நின்றேன். ஜன்னலில் பார்வையாளர்கள் கலையாமல் இருந்தார்கள். "இதையும் மறக்காம எழுதுங்க," என்றார் அவர். அப்போது எழுதவில்லை. இதோ, எழுதிவிட்டேன்.

சில நாட்கள் கழித்து மும்தாஜ் டீச்சர் போன் செய்தார். "இப்பல்லாம் யாரும் கல்லெடுக்கறதில்லைங்க. பூனை குறுக்க வந்தா நின்னு அது காதப் பாக்கறாங்க. பேப்பரக் கசக்கிக் கசக்கி எங்கிட்ட ஒரு நோட்டு மிச்சமில்ல." பிள்ளைகள் வரைந்த படங்களையும் அனுப்பி வைத்தார். எல்லாவற்றிலும் வர்க்கி ஃபேக்டரி உயரத்துக்கு இருந்தது. தினேஷின் படம் மட்டும் வேறு மாதிரி. தாள் முழுவதும் கறுப்பு. ஓரம்கூட விடாமல், அழுத்தி அழுத்திப் பென்சிலால் தீட்டிய கறுப்பு. கீழே அவன் கையெழுத்தில்: 'டீச்சர் பூனையைக் காட்டும் காட்சி.'

செல்வம் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் நவீன ஓவியம் என்று நினைத்து அருகே போய்ப் பார்க்கிறார்கள். பிறகு கதை ஆரம்பமாகும். நான் காபி போடப் போய்விடுவேன். எந்தப் பள்ளிக்கு எதைப் பேசப் போனாலும் என் பையில் கடையிலிருந்து ஓர் எமர்ஜென்சி விளக்கை வைத்து அனுப்புவதும் அவர்தான்.

யாழினிக்கு இப்போது பத்தாம் வகுப்பு. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் அடிக்கடி கரண்ட் போகும். வீடு இருண்ட உடனே அவள் அறையிலிருந்து குரல் வரும்: "அம்மா, நீ எதையும் தொடாத! யாரும் அசையாதீங்க! வர்க்கி, இருக்கியா?"

பதில் வராது. இருட்டில் எங்கோ உயரமான இடத்தில், அநேகமாக ஃப்ரிட்ஜின் தலையில், உட்கார்ந்து எங்கள் மூவரையும் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குக் கேட்கிறது. கேட்டுவிட்டுத்தான் சும்மா இருக்கிறது.